பாயசம் வந்தால் உஷார்!

ஆடிட்டுக்கு வந்த பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டில் திடீரென்று பாயசம் தலைகாட்டினால், அந்தக் கம்பெனியின் கணக்கில் எங்கேயோ ஒரு நம்பர் நெளிகிறது என்று அர்த்தம்! எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் ஆர்ட்டிகிள்ஸ் முடித்து வந்த எந்த சி.ஏ.வையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பை அடக்க முடியாமல் தலையாட்டுவார். முதல் நாள் சாம்பார் சாதமும் அப்பளமும். கேள்விப் பட்டியல் இரண்டாவது பக்கத்துக்குத் தாவியதும் ஃபுல் மீல்ஸ். ‘இந்தப் பன்னிரண்டு லட்சம் யாருக்குக் கொடுத்தது சார்?’ என்று எவனாவது வாயைத் திறந்தால் மறுநாள் பிரியாணி. அதோடு நிற்காது. “தம்பி சைவமா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே!” என்று அவனுக்கென்று தனி இலை, தனிப் பாயசம்.

வாங்க, சத்தம் போடாமல் உள்ளே எட்டிப் பார்ப்போம். கம்பெனி ஆடிட் என்றதும் மூக்குக்கண்ணாடியும் முறைப்புமாகப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் என்றுதானே நினைத்தீர்கள்? அந்தப் பெரியவர் கடைசி இரண்டு நாள்தான் வருவார். மீதி நாளெல்லாம் ரூமுக்குள் இருப்பது இருபதைத் தொட்டும் தொடாத நாலு பிள்ளைகள், அவர்களைவிட நாலு வயது மூத்த ஒரு சீனியர், லேப்டாப்கள், எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஏ.சி. ஓடும், குளிராது. மூலையில் 2011-ஆம் வருட வவுச்சர் மூட்டை. கதவில் ஏ4 தாளில் ‘ஆடிட்டர்ஸ்’ என்று ஒட்டியிருக்கும்.

இந்தப் பிள்ளைகள்தான் ஆர்ட்டிகிள்ஸ். சி.ஏ. ஆகவேண்டுமானால் ஓர் ஆடிட்டரிடம் கைகட்டிப் பயிற்சி எடுத்தே தீரவேண்டும். முன்பு 3 வருஷம், 2023 ஜூலையிலிருந்து வந்த புதுத் திட்டத்தில் 2 வருஷம். கையில் கிடைக்கும் ஸ்டைபெண்ட், மாதக் கடைசியில் நண்பனிடம் கடன் கேட்காமல் தப்பிக்கப் போதாது. ஆனால் இந்தக் குட்டிப் பிள்ளைகள் பேனாவால் போடும் ஒரு டிக்கில் ஒரு கம்பெனியின் லாபம் ஏறும், இறங்கும். இதில்தான் வேடிக்கையே.

டிக் போடுகிற பையன் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? ஸ்டைபெண்ட் கொடுப்பது அவனுடைய பிரின்சிபல், அதாவது அவன் பயிற்சி எடுக்கும் ஆடிட்டர். பிரின்சிபலுக்கு ஃபீஸ் கொடுப்பது கம்பெனி. சட்டப்படி ஆடிட்டரை நியமிப்பதோ பங்குதாரர்கள். ஆடிட் ரிப்போர்ட்டும் ‘உறுப்பினர்களுக்கு’ என்று அவர்களை விளித்துத்தான் தொடங்கும். பரீட்சை நடத்தித் தலையெழுத்தைத் தீர்மானிப்பது 1949-இல் பிறந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். நாளைக்கு வேலை கொடுக்கப்போவது, அநேகமாக, இன்றைக்குப் பாயசம் ஊற்றுகிற இதே கம்பெனி! பரீட்சை எழுதுகிறவனே மேற்பார்வையாளருக்குச் சம்பளமும் கொடுத்து, படித்து முடித்ததும் வேலையும் தருவதாகச் சொல்லும் ஏற்பாடு இது. உலகம் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது என்று தெரிந்தபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

சரி, இந்த ரிப்போர்ட்டுக்குச் சொந்தக்காரரான பங்குதாரர் எப்படி இருப்பார்? ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஆடிட்டர் வந்தாக வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டத்தின் 146-வது பிரிவு. சென்னை சபா ஹால்களில் அந்தக் காலத்தில் நடந்த கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். மேடையில் பல நூறு கோடிக்குக் கணக்கு சொல்வார்கள். கீழே பாதிக் கூட்டம் வாசலில் இனிப்பு, காரப் பொட்டலம் கொடுக்கிற வரிசையில்! கடைசியில் கம்பெனிச் செயலர்களின் நிறுவனம் 2015 ஜூலையில் அமலுக்கு வந்த விதியில், கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பரிசோ, கூப்பனோ கொடுக்கக் கூடாது என்றே எழுதிவைக்க நேர்ந்தது. யாருக்காக இத்தனை பேர் ராத்திரி கண்விழித்து டிக் போட்டார்களோ, அவர் கேட்ட கேள்வி, “போன வருஷம் மிக்சர் பெரிய பாக்கெட்டா இருந்துச்சே?” ஆடிட் ரூம் பையன் அவரை வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை. அவன் பார்ப்பது தினமும் ‘சாப்பிட்டீங்களா தம்பி’ என்று கேட்கும் அக்கவுண்டன்ட் சாரை.

அந்த அக்கவுண்டன்ட் சாரைக் கவனியுங்கள், கதையின் நாயகன் அவர்தான். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். டேலியில் விரல் வைத்தால் பியானோ. காலையில் பையனுக்கு ஜி.எஸ்.டி. கணக்கில் ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். பிரின்சிபல் ஆறு மாதமாகச் சொல்லித்தராதது. நேற்று மழையில் தன் டி.வி.எஸ்.ஸில் பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுபோய் விட்டார். இப்போது மணி நாலு. பையன் கையில் ஒரு கவர்.

அந்தக் கவருக்குள் இருப்பது வங்கிக்குப் போகிற கடிதம். ‘மார்ச் 31 அன்று எங்கள் கணக்கில் எவ்வளவு இருந்தது என்பதை எங்கள் ஆடிட்டருக்கு நேரடியாகத் தெரிவிக்கவும்’ என்று கம்பெனி எழுதிக் கையெழுத்துப் போட்டது. எழுதுவது கம்பெனியாக இருக்கலாம். ஆனால் அனுப்ப வேண்டியது ஆடிட்டர், பதில் வர வேண்டியது ஆடிட்டர் ஆபீசுக்கு. நடுவில் கம்பெனிக்காரர் கை படக் கூடாது.

“கொடுங்க தம்பி, நம்ம பையன் பேங்குக்குத்தான் போறான். அப்படியே கொடுத்து, பதிலையும் கையோட வாங்கிட்டு வந்துடுவான். இந்த வெயில்ல நீங்க எதுக்கு?”

இதைவிட அன்பாக ஒருவர் பேச முடியுமா? அப்படிப் பேசுகிறவர்களில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்குக் கெட்ட எண்ணமே கிடையாது, நிஜமாகவே வெயில்தான் காரணம். ‘வேண்டாம் சார், நானே போறேன்’ என்று சொன்னால், ‘உங்களை நம்பவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும். பையன் நெளிகிறான். “இல்ல சார்... அந்தப் பக்கம் எனக்கு ஜெராக்ஸ் எடுக்கற வேலை இருக்கு.” ஒரு சின்னப் பொய்யைச் சொல்லிவிட்டு, உண்மையைக் காப்பாற்ற வெயிலில் கூரியர் ஆபீசுக்கு நடக்கிறான். ஆடிட் தொழிலின் பாதி இந்த நடையில் இருக்கிறது என்பேன்.

பெரிதாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் நினைவிருக்கிறதா? கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். நாடே வாயைப் பிளந்தது. அவ்வளவு பெரிய ஓட்டை ஆடிட்டர் கண்ணில் எப்படிப் படாமல் போனது? 2011 ஏப்ரலில் அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்புகள் இரண்டு, சத்யத்தின் ஆடிட்டரான பிரைஸ் வாட்டர்ஹவுசின் இந்திய அமைப்புகளுக்கு மொத்தம் 75 லட்சம் டாலர் அபராதம் போட்டன. அவர்கள் சுட்டிக்காட்டிய குறைகளில் தலையாயது எது தெரியுமா? வங்கிக்கு உறுதிக் கடிதம் அனுப்பிப் பதில் வாங்குகிற வேலையை ஆடிட்டர்கள் தங்கள் கையில் வைத்துக்கொள்ளாமல் கம்பெனியின் கையில் விட்டுவிட்டார்கள் என்பது! ஆயிரம் ஆயிரம் கோடி, கடைசியில் தபாலை யார் போட்டது என்ற கேள்வியில் வந்து நின்றது. கவரைப் பிடுங்கிக்கொண்டு ஓடவில்லை எவரும். ‘கொடுங்க, நாங்களே பார்த்துக்கறோம்’ போதுமானதாக இருந்தது.

இப்போது நிறைய இடங்களில் மின்னஞ்சல்தான். அதிலும் ஒரு தமாஷ் உண்டு. வங்கி மேனேஜரின் முகவரி என்று கம்பெனி கொடுக்கிற ஐ.டி. ஜிமெயிலில் முடிந்தால், சீனியர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிடுவார்.

இன்னொரு காட்சிக்குப் போவோம். மார்ச் 31 ராத்திரி, திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரே தூங்குகிறது, குடோனில் மட்டும் டியூப் லைட். பஞ்சுப் பேல்கள் கூரையைத் தொடுகின்றன, ஒவ்வொன்றும் 170 கிலோ சுமாருக்கு. கீழே நின்று நீளம், அகலம், உயரம் என்று பெருக்கி எழுதிவிட்டால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது, போய்த் தூங்கலாம். ஆனால் அடுக்கின் நடுவே பொந்து விட்டு, சுற்றிலும் மட்டும் பேல் நிறுத்தி ஏமாற்றுவது இந்தத் தொழிலின் ஆதிகாலத் தந்திரம். ஆகவே ஆர்ட்டிகிள்ஸ் பையன் ஏணி கேட்கிறான்.

“எதுக்குத் தம்பி மேல ஏறுறீங்க? வழுக்கி விழுந்தா நாங்க உங்க அம்மாவுக்குப் பதில் சொல்லணும்!” என்கிறார் குடோன் கீப்பர். பதறுகிறது அவர் குரல், நடிப்பில்லை. பையன் ஏறுகிறான். தலையெல்லாம் பஞ்சு, தும்மல் மேல் தும்மல். நடுவில் பொந்து இல்லை, பேல்தான். இறங்கி வந்ததும் கீப்பரே ஒரு ஈரத் துண்டைக் கொடுக்கிறார், சூடாகச் சுக்குக் காப்பி. அப்புறம் லிஸ்டில் இருப்பதைத் தரையில் தேடுவது, தரையில் இருப்பதை லிஸ்டில் தேடுவது. இரண்டு குடோன் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் டீ குடிக்கிற இடைவெளியில் இங்கே எண்ணிய சரக்கு லாரி ஏறி அங்கே போய் உங்களுக்காகக் காத்திருக்கும்! விடியற்காலை மூன்று மணிக்கு, ஸ்டாக் கணக்கு ஒரு பேல் பிசகாமல் பொருந்தியபோது மில்காரர்களைவிட அதிகமாகத் துள்ளியது ஆடிட் பையன்தான். துள்ளலாமா? தெரியாது. ஆறு மணி நேரம் கூடவே நின்று தும்மியவர்கள் ஜெயித்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

இங்கே ஓர் ஆங்கிலேய நீதிபதியைக் கொஞ்சம் அழைத்துக்கொள்வோம். 1896-இல், கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கில்... ஆமாம், அதுவும் பஞ்சாலைதான், அதுவும் ஸ்டாக் வழக்குதான்! ஆடிட்டர் காவல் நாய், மோப்பம் பிடித்துத் துரத்துகிற வேட்டை நாய் அல்ல என்று லோப்ஸ் என்ற நீதிபதி தீர்ப்பில் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு சி.ஏ. மாணவனும் பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்குகிறான். காவல் நாய்க்குச் சோறு போடுவது யார், அது யாரைப் பார்த்து வாலாட்டும் என்ற கேள்வியை மட்டும் அவர் தொடாமல் போய்விட்டார்.

ஆடிட் உலகத்தின் திருவிழா எது என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் ஏப்ரல் முதல் வாரத்து பேங்க் பிராஞ்ச் ஆடிட். கிளை எந்த ஊரோ அந்த ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். லாட்ஜ், படி, இரவு பரோட்டா. மணப்பாறை என்று வைத்துக்கொள்வோம். மேனேஜர் வாசலிலேயே நிற்கிறார். மேஜையில் முறுக்குப் பொட்டலம், அந்த ஊரில் அதில்லாமல் எதுவும் தொடங்காது. அவருக்கு ஒரே பயம். வட்டியோ தவணையோ 90 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால் அந்தக் கடன் வாராக்கடன் பட்டியலில் விழும். விழுந்தால் அந்தக் கடனுக்கு எடுத்த வட்டி வருமானம் போச்சு, லாபத்திலிருந்து ஒதுக்கீடு செய்ய வேண்டும், வட்டார அலுவலகத்திலிருந்து போன் வரும். அடுத்த மாதம் புரமோஷன் இன்டர்வியூ வேறு.

“பார்ட்டி தங்கமான பார்ட்டி சார். பொண்ணு கல்யாணத்துல கொஞ்சம் இழுத்துடுச்சு. மார்ச் 31 சாயங்காலமே கட்டிட்டாரு, பாருங்க.”

பையன் பார்க்கிறான். ஆமாம், 31-ஆம் தேதி சாயங்காலம் 4,85,000 ரூபாய் வரவு. கணக்கு சுத்தம். அப்படியே ஏப்ரல் பக்கத்தையும் ஒரு தடவை ஸ்க்ரோல் செய்கிறான், பழக்க தோஷம். 3-ஆம் தேதி புதுக் கடன் ஒன்று, 5,00,000. வாங்கியவர் பெயர் பெண் பெயர். வீட்டு விலாசம்? அதே கதவு எண், அதே தெரு. கட்டிய பணம் வாசல் வழியாக வந்து கொல்லை வழியாகப் போயிருக்கிறது. இதற்குப் பெயர் எவர்கிரீனிங். பழைய கடன் பட்டுப்போகாமல் எப்போதும் பச்சையாகவே இருக்கிற வித்தை!

ராத்திரி லாட்ஜில் பையனுக்குப் பரோட்டா இறங்கவில்லை. மேனேஜர் மகளும் சி.ஏ. படிக்கிறாளாம், இன்டரில் ஒரு குரூப் பாக்கி, ‘எந்த நோட்ஸ் நல்லது தம்பி?’ என்று மதியம் கேட்டார். முறுக்குப் பொட்டலம் பையிலேயே இருக்கிறது. சீனியரிடம் மெதுவாக விஷயத்தைச் சொல்கிறான். இந்தக் கணக்கை மாற்ற எம்.ஓ.சி. போட்டால், அதாவது கிளை கொடுத்த கணக்கில் ஆடிட்டர் செய்யும் திருத்தத்தை எழுதிக் கொடுத்தால், மேனேஜர் பாடு திண்டாட்டம். சீனியர் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கடித்துக்கொண்டே சொன்னாராம்: “முறுக்கையும் சாப்பிடு, எம்.ஓ.சி.யையும் போடு. ரெண்டும் வேற வேற.” ஆடிட்டர் ஒழுக்க விதிகளைப் பற்றி எழுதிய பக்கங்கள் அத்தனையையும் இவர் வாயில் முறுக்கோடு முடித்துவிட்டார்.

எல்லா சீனியரும் அப்படி இருக்க மாட்டார்கள், இருக்கவும் விடமாட்டார்கள். ஆர்தர் ஆண்டர்சன் கதையைக் கேளுங்கள். 1913-இல் சிகாகோவில் தொடங்கிய ஆடிட் நிறுவனம். இளைஞராக இருந்த ஆண்டர்சனிடம் ஒரு ரயில்வே கம்பெனித் தலைவர் கணக்கை மாற்றச் சொன்னாராம், இந்த நகரத்தில் இருக்கிற பணம் அத்தனையும் கொடுத்தாலும் மாட்டேன் என்று மறுத்தாராம். நிறுவனத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதை பாலாடையில் ஊட்டப்பட்டது. அப்படியே எண்பது தொண்ணூறு வருஷம் தள்ளி ஹூஸ்டனுக்கு வாருங்கள். என்ரான் என்ற எரிசக்திக் கம்பெனியின் கட்டடத்துக்குள்ளேயே ஆண்டர்சன் ஆட்களுக்கு நிரந்தர ஆபீஸ்! 2000-ஆம் வருஷம் என்ரானிடமிருந்து ஆடிட்டுக்காக 2.5 கோடி டாலர், ஆலோசனை முதலான மற்ற வேலைகளுக்காக 2.7 கோடி டாலர். வாரத்துக்குப் பத்து லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ரானின் தலைமைக் கணக்கு அதிகாரி யார்? முன்னாள் ஆண்டர்சன் ஆள். கம்பெனி மூழ்கப் போகிறது என்று உள்ளுக்குள் கடிதம் எழுதி எச்சரித்த ஷெரன் வாட்கின்ஸ்? அவரும் முன்னாள் ஆண்டர்சன். மேஜைக்கு இந்தப் பக்கமும் நம்ம ஆள், அந்தப் பக்கமும் நம்ம ஆள், யார் யாரைக் கேள்வி கேட்பது?

ஒருவர் கேட்டார். ஆண்டர்சனுக்குள்ளேயே கணக்கு விதிகளைப் பார்த்துச் சொல்லும் குழுவில் இருந்த கார்ல் பாஸ். என்ரானின் சில கணக்குகளை ஏற்க முடியாது என்று திரும்பத் திரும்ப மறுத்தார். என்ரான் முகம் சுளித்தது. 2001-இல் அவர் என்ரான் வேலையிலிருந்து நகர்த்தப்பட்டார். அதே வருஷம் என்ரானும் மூழ்கியது. மறு வருஷம் ஜூனில், என்ரான் ஆவணங்களை அழித்த வழக்கில் ஆண்டர்சன் குற்றவாளி என்று தீர்ப்பு. 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது, உலகம் முழுக்க 85,000 பேர் வேலை பார்த்த நிறுவனத்தில் மிச்சம் இருந்தது பெயர்ப்பலகை மட்டும்தான்.

இதற்கப்புறம் அமெரிக்காவில் 2002-இல் கடுமையான சட்டம் வந்தது. ஆடிட் டீமில் இருந்தவர் அதே கம்பெனியில் பெரிய நிதிப் பதவிக்குப் போக ஒரு வருஷம் பொறுக்க வேண்டும், ஆடிட் பார்ட்னர் 5 வருஷத்தில் மாற வேண்டும், இத்யாதி. சட்டத்தைப் போட்டால் ஆசாபாசம் போய்விடுமா? அடுத்து வருவது கிசுகிசு, காதைக் கொடுங்கள். 2016 செப்டம்பரில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 93 லட்சம் டாலர் கட்டியது. காரணம், அதன் ஆடிட்டர்கள் இருவர் தாங்கள் ஆடிட் செய்த கம்பெனிக்காரர்களோடு அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார்கள். ஒருவரை, கோபத்தில் இருந்த ஒரு க்ளையன்டைச் சமாதானப்படுத்தத்தான் நிறுவனமே அனுப்பிவைத்தது. அவர் சமாதானப்படுத்தினார் பாருங்கள், அந்தக் கம்பெனியின் நிதி அதிகாரியோடும் குடும்பத்தோடும் ஊர் சுற்றி, கேளிக்கை என்று ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவு! இன்னொருவர் விஷயம் இன்னும் மேலே. ஆடிட் பார்ட்னருக்கும், எந்தக் கணக்கை அவர் சரிபார்க்க வேண்டுமோ அந்தக் கம்பெனியின் தலைமைக் கணக்கு அதிகாரிக்கும் காதல். இதை எந்த வொர்க்கிங் பேப்பரில், எந்தத் தலைப்பில் ஃபைல் செய்வது?

அடுத்தது கேள்வித்தாள் லீக். ஆடிட்டர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பார்க்க அமெரிக்காவில் தனி அமைப்பு இருக்கிறது. ஆடிட்டருக்கே ஆடிட்டர். அங்கே வேலை பார்த்த ஒருவரை 2015-இல் கே.பி.எம்.ஜி. என்ற ஆடிட் நிறுவனம் வேலைக்கு எடுத்தது. வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. எந்தெந்த ஆடிட் இந்த வருஷம் சோதனைக்கு வரும் என்ற ரகசியப் பட்டியலும் கூடவே வந்தது! பழைய வீட்டில் இன்னும் இருந்த நண்பர்கள் அடுத்தடுத்த வருஷப் பட்டியலையும் நழுவவிட்டார்கள். 2019 ஜூனில் நிறுவனத்துக்கு 5 கோடி டாலர் அபராதம், சிலர் மேல் கிரிமினல் வழக்கு. இதைவிட அழகு ஒன்று உண்டு. 2022-இல் எர்ன்ஸ்ட் அண்ட் யங் மறுபடி 10 கோடி டாலர் கட்டியது. அதன் ஊழியர்கள் பரீட்சையில் காப்பி அடித்ததற்காக. எந்தப் பரீட்சை? தொழில் நெறிமுறைப் பரீட்சை! கற்பனையாக எழுதினால் எடிட்டர் ‘ரொம்ப ஓவர்’ என்று அடித்துவிடுவார்.

நம் ஊர்ச் சட்டமும் சும்மா இல்லை. 2013 கம்பெனிச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் ஓர் ஆடிட் நிறுவனம் ஐந்து ஐந்தாக இரண்டு தவணை, மொத்தம் 10 வருஷம்தான் இருக்கலாம். அப்புறம் 5 வருஷம் அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. ஆடிட் செய்கிற கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரக் கூடாது, முதலீட்டு ஆலோசனை சொல்லக் கூடாது. ஆடிட்டர் கையில் அந்தக் கம்பெனியின் ஒரு பங்குகூட இருக்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் 1 லட்சம் ரூபாய் வரை வைத்திருக்கலாம். ஆனால் கூர்ந்து படியுங்கள், அது சந்தை விலை இல்லை, முகமதிப்பு! ஒரு ரூபாய் முகமதிப்புள்ள பங்கு சந்தையில் ஆயிரம் ரூபாய்க்குப் போனால், ஆடிட்டரின் அண்ணன் 10 கோடிக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று இந்த ஒரு பிரிவை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாட முடியும். சட்டம் எழுதியவர் அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தாரோ.

ஆனால் வேலைக்கு வா என்று கூப்பிடுவதைத்தான் எந்தச் சட்டத்தாலும் முழுக்க மறிக்க முடியவில்லை. நேரடியாகக் கூப்பிடமாட்டார்கள். கணக்கை முடிக்கிற ஃபைனலைசேஷன் நாளில் நிதித் தலைவர் ஆடிட் ரூமுக்கு வந்து, கூர்மையாகக் கேள்வி கேட்ட பையனின் தோளில் தட்டுவார். “கெட்டிக்காரப் பிள்ளை. எப்ப ஃபைனல்? முடிச்சுட்டு நம்மகிட்ட வந்துடு.” அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து அவன் எழுதும் ஒவ்வொரு கேள்விக்கும் பேனா ஒரு கணம் நின்றுதான் நகரும். பிரின்சிபலுக்கு இது தெரியும். அவரே ஒரு காலத்தில் இப்படித் தோளில் தட்டப்பட்டவர்தான். ‘நல்ல பையனை நல்ல க்ளையன்டுக்கு அனுப்பினால் பையன் போய்விடுவான், சுமாரான பையனை அனுப்பினால் க்ளையன்ட் போய்விடுவான்’ என்று இந்தத் தொழிலில் ஒரு புலம்பல் உண்டு. போனவன் அங்கே அக்கவுண்ட்ஸ் மேனேஜராகி, அடுத்த வருஷம் வரும் ஆர்ட்டிகிள்ஸ் பிள்ளைகள் எந்த மாதத்து வவுச்சரைக் கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து எடுத்து வைத்திருப்பான். ஆடிட் வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் சிக்கலே.

சரி, எல்லாப் பழியையும் ஆடிட் ரூம்காரர்கள் மேலேயே போட்டால் எப்படி? நம் நாயகன் அக்கவுண்டன்ட் சாரை மறந்துவிட்டோமே. அவருக்கும் இரண்டு மனசு உண்டு. முதலாளி உப்பைத் தின்று இருபத்தைந்து வருஷம். ஆனால் முதலாளியின் மச்சினர் புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு, சரக்கே வராமல் மாதாமாதம் பில் மட்டும் பாஸாகிறது. கேட்டால் வேலை போகும். கேட்காவிட்டால் தூக்கம் போகும். என்ன செய்வார்?

ஆடிட் பையன் டிசம்பர் பர்ச்சேஸ் ஃபைல் கேட்டிருந்தான். அக்கவுண்டன்ட் சார் டிசம்பர் ஃபைலோடு, யாரும் கேட்காத இன்னொரு நீல ஃபைலையும் அதன் மேலேயே வைத்துக் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறார். “பாருங்க தம்பி. நான் ஒரு டீ சாப்பிட்டு வந்துடறேன்.” சாதாரணமாகப் பத்து நிமிஷத்தில் திரும்புகிறவர் அன்றைக்கு முக்கால் மணி நேரம் டீ சாப்பிட்டார். திரும்பி வந்தபோது பையன் அந்த பில்களுக்கு லாரி ரசீதும், கேட் பதிவும் கேட்டு ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தான். அவர் அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் முதலாளி அறையிலிருந்து சத்தம் காரிடார் முழுக்கக் கேட்டது. “இத்தனை வருஷம் வராத ஆளுங்க, இந்த வருஷம் எப்படிய்யா அந்த ஃபைலுக்குப் போனானுங்க?”

“அதான் சார் எனக்கும் புரியல” என்றார் அக்கவுண்டன்ட். “இந்தக் காலத்துப் பசங்க ரொம்ப உஷாரு சார்.”